மலையும் வறண்ட படுகையும்: உயர்பாலைக்கு டோப்போ வரைபடம் போடுவது எப்படி?

லடாக் ரைடு போய்விட்டு பெங்களூர் திரும்புகிறவர்களில் சிலருக்கு ஒரு ஆசை பிடித்துக்கொள்கிறது. பார்த்துவிட்டு வந்த அந்த நிலத்தின் மேடு பள்ளத்தைக் கோடு கோடாக, அரசாங்க வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் ஷீட் மாதிரி, டோப்போ வரைபடமாகத் தாங்களே ஒரு பெரிய தாளில் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான், செய்யக்கூடியதும்தான். கோடிங் தெரிய வேண்டாம், சர்வே படித்திருக்க வேண்டாம். சுமாரான ஒரு லேப்டாப், இலவசமாகக் கிடைக்கிற க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், சில வார இறுதிகள், கொஞ்சம் பிடிவாதம், இவ்வளவு போதும். ஆனால் எடுத்த எடுப்பில் லடாக்கைத் தொடாதீர்கள்.

காரணம் எளிது. புதிதாகப் போடுகிறவருக்குத் தான் போட்டது சரியா தப்பா என்று பார்க்க ஒரு விடைத்தாள் வேண்டும். லடாக்கின் பல பகுதிகளுக்கு அரசாங்கத்தின் விரிவான ஷீட் பொதுமக்கள் கைக்கு எளிதில் வராது, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் முதல் படத்தை அதே குணமுள்ள, ஆனால் எல்லாத் தகவலும் திறந்து கிடக்கிற வேறொரு இடத்தில் போட்டுப் பழகுவோம். பழகிய கையோடு லடாக்குக்கு வருவோம்.

முதலில் ஒரிகன்

அமெரிக்காவின் மேற்கில் நெவாடாவின் பெரும்பகுதி, யூட்டாவின் மேற்குப் பாதி, ஒரிகனின் தென்கிழக்கு மூலை எல்லாம் சேர்ந்த கிரேட் பேசின் என்ற பெரும் பரப்பு இருக்கிறது. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு, பிளவுகளின் வழியே சில துண்டுகள் மேலே எழும்பி, சில துண்டுகள் கீழே இறங்கி, மலை, படுகை, மலை, படுகை என்று வரிசையாகப் போகிற நிலம். இங்கே பெய்கிற மழை கடலுக்குப் போவதே இல்லை. படுகையில் தேங்கி, ஆவியாகி, களிமண்ணையும் உப்பையும் விட்டுவிட்டுப் போகிறது. அப்படி மிஞ்சும் தட்டைத் தரைக்குப் பெயர் பிளாயா.

இதில் நான் பரிந்துரைக்கிற இடம் ஒரிகனில் உள்ள ஸ்டீன்ஸ் மலை. உச்சி சுமார் 2,970 மீட்டர். அதன் கிழக்குக் காலடியில் ஆல்வோர்ட் பாலை, சுமார் 1,220 மீட்டரில், ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் கொண்ட வெறும் தட்டைப் பிளாயா. மலையின் மேற்குப் பக்கம் சாவகாசமாகச் சரிகிறது, கிழக்குப் பக்கம் ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. மேலே பழைய பனியாறுகள் குடைந்த கைகர் போன்ற பள்ளத்தாக்குகளும் உண்டு. செங்குத்து, மென்சரிவு, பனியாறு வெட்டிய பள்ளம், வண்டல் விசிறி (மலையோடை அடிவாரத்தில் மண்ணையும் சரளையையும் கொட்டி விரித்த சரிவு), பிளாயா எல்லாம் ஒரே ஏ2 தாளில் அடங்குகின்றன. 1:50,000 அளவில் ஏ2 தாள் 21 கிலோமீட்டருக்கு 29.7 கிலோமீட்டர் பரப்பைக் கொள்ளும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்த மாதிரி நிலத்தில் மலை தானாக வந்துவிடும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கி நின்றாலே பார்க்கிறவருக்கு மலை தெரிந்துவிடும். உங்கள் உழைப்பைக் கேட்பது கீழே கிடக்கிற படுகை. புதியவர்கள் போடும் படங்களில் முக்கால்வாசி மலை அட்டகாசமாகவும் படுகை வெள்ளைத் தாளாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி அந்த வெள்ளையைப் பற்றித்தான்.

தரவை இறக்குவது

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையமான யூஎஸ்ஜிஎஸ் நடத்தும் நேஷனல் மேப் தளத்துக்குப் போங்கள். உயரத் தரவில், 1/3 ஆர்க் செகண்ட் டெம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம் என்பது நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் உயரத்தை எழுதி வைத்திருக்கும் கோப்பு, அவ்வளவுதான். இதில் ஒரு கட்டம் சுமார் 10 மீட்டர்.

உங்களுக்கு வேண்டிய கோப்பின் பெயரில் என்43டபிள்யூ119 என்று இருக்கும். இங்கே ஒரு சின்ன வில்லங்கம். யூஎஸ்ஜிஎஸ் இந்தக் கோப்புகளுக்கு மேல் இடது மூலையின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் பெயர் கொடுக்கிறது, அதனால் 43 என்றால் 42 முதல் 43 டிகிரி வரை. ஆனால் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் கோப்புகளும் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் கோப்புகளும் கீழ் இடது மூலையை வைத்துப் பெயர் கொடுக்கின்றன. அதே இடம் அங்கே என்42. இது தெரியாவிட்டால் பக்கத்து மாவட்டத்தை இறக்கிவிட்டு மலையைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

டிகிரியை மீட்டராக்குவது

இறக்கிய கோப்பு டிகிரி கணக்கில் இருக்கும், உயரம் மட்டும் மீட்டரில். இரண்டையும் கலந்து அப்படியே ஹில்ஷேட், அதாவது வெயில் பட்ட மாதிரி மலைக்கு நிழல் காட்டும் படம், போட்டால் படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிறுக்கிவிட்டது போல வரும், சரிவுக் கணக்கும் எல்லா இடத்திலும் 90 டிகிரியை ஒட்டியே காட்டும். தவிர, ஸ்டீன்ஸ் இருக்கிற அட்சரேகையில் கட்டம் சதுரமே இல்லை, வடக்கு தெற்காக 10.3 மீட்டர், கிழக்கு மேற்காக 7.6 மீட்டர்தான். அதனால் முதல் வேலை: ராஸ்டர் மெனுவில் வார்ப் என்பதைத் திறந்து, பூமியை மண்டலம் மண்டலமாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 11 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். அந்த மண்டலத்தை மென்பொருளுக்குச் சொல்லும் ஈபிஎஸ்ஜி எண் 26911. கட்ட அளவு 10 மீட்டர் என்று கொடுங்கள். ரீசாம்ப்ளிங் (பழைய கட்டங்களின் உயரத்தைப் புதிய கட்டங்களுக்கு மாற்றும் முறை) என்ற இடத்தில் தானாக நியரஸ்ட் நெய்பர் என்று நிற்கும், அதை அப்படியே விட்டால் நிழல் படத்தில் ஜமுக்காளக் கோடு மாதிரி வரிவரியாக விழும். பைலீனியர் அல்லது க்யூபிக் வையுங்கள். அப்புறம் உங்கள் ஏ2 தாளுக்கு வேண்டிய பரப்பைவிட ஒரு கிலோமீட்டர் சுற்றிலும் கூடுதலாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் கோடுகள் பாதியில் நின்றால் பார்க்க அசிங்கமாக இருக்கும்.

கோடு: எத்தனை மீட்டருக்கு ஒன்று?

சம உயரக் கோட்டை வரைவது ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. ராஸ்டர் மெனு, எக்ஸ்ட்ராக்‌ஷன், காண்டூர், முடிந்தது. எத்தனை மீட்டர் இடைவெளி என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

20 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 டிகிரி சரிவில் 20 மீட்டர் ஏற 20 மீட்டர் நகர வேண்டும், 1:50,000 தாளில் அது 0.4 மில்லிமீட்டர். மெல்லிய கோடாகப் போட்டால் கண் பிரித்துப் பார்த்துவிடும். 10 மீட்டர் இடைவெளி வைத்தால் 0.2 மில்லிமீட்டர், கிழக்குச் சரிவு முழுக்கப் பழுப்பு மை பூசியதாகிவிடும். ஆகவே மலைக்கு 20 சரி. இப்போது மலையடிவாரத்து வண்டல் விசிறிக்கு வாருங்கள். சரிவு 2 டிகிரி என்றால் 20 மீட்டர் ஏற சுமார் 570 மீட்டர் நடக்க வேண்டும், தாளில் கோட்டுக்குக் கோடு 11 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். விசிறியின் அழகான வளைவு அந்த இடைவெளியில் தொலைந்துவிடும். பிளாயாவுக்குள் ஒரு கோடுகூட வராது.

அதனால் இரண்டு தொகுதிக் கோடுகள் போடுங்கள். முழுப் படத்துக்கும் 20 மீட்டர். விசிறிகளுக்கு மட்டும் 5 மீட்டர் துணைக்கோடுகள், புள்ளிக்கோடாக, இன்னும் மெல்லியதாக. எந்த இடம் விசிறி என்று மென்பொருளைக் கொண்டே சரிவு பார்த்துப் பிரிக்கலாம்தான், ஆனால் ஓரம் துண்டு துண்டாக வரும். ஹில்ஷேடைப் பார்த்துக் கையால் ஒரு பாலிகன் (மூடிய வடிவம்) வரைந்து அதற்குள் மட்டும் 5 மீட்டர் கோடுகளை வெட்டிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. கண்ணும் பழகும். யூஎஸ்ஜிஎஸ் தாள்களிலும் தட்டையான இடங்களில் துணைக்கோடு போடும் வழக்கம் உண்டு, ஏதோ குறுக்குவழி செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

100 மீட்டருக்கு ஒரு கோட்டைத் தடிமனாக்குங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் விதி அடிப்படையிலான ஸ்டைலில், உயரத்தை 100-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம் வருகிற கோடுகளுக்குத் தனித் தடிமன் என்று ஒரு விதி எழுதினால் போதும். எண்களையும் அந்தக் கோடுகளில் மட்டும் போடுங்கள், எல்லாக் கோட்டிலும் எண் போட்டால் படம் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும்.

பிளாயாவில் கோட்டை நம்பாதீர்கள்

சிலர் படுகை வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே 1 மீட்டர் கோடு போட்டுவிடுகிறார்கள். கோடு வரும், பிரமாதமாக நெளிந்து நெளிந்து வரும், ஆனால் அதில் உண்மை இருக்காது. கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சரிகிற தரையில் உயரத் தரவில் 1 மீட்டர் பிழை இருந்தால் கோடு 5 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். மலையில் அதே 1 மீட்டர் பிழையை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். பிளாயாவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தரவின் இரைச்சல்.

அங்கே செய்ய வேண்டியது வேறு. உள்ளே இருக்கும் கோடுகளைத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று இடங்களில் புள்ளி உயரம் மட்டும் எழுதுங்கள். அப்புறம் எல்லையை வரையுங்கள், அதற்கு உயரத் தரவை விடச் செயற்கைக்கோள் படம்தான் உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் தெளிவில், ஐந்து நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், கோபர்நிகஸ் பிரௌசர் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வருடத்தில் பனி உருகும் வசந்த காலப் படம் ஒன்று, கோடை முடிகிற ஆகஸ்ட், செப்டம்பர் படம் ஒன்று எடுத்து அருகருகே வையுங்கள். முன்னதில் மெல்லிய நீர்ப்படலம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து நீல விட்டுவிட்டுக் கோடு போடுங்கள், பின்னதில் வெளிறிய களித்தரை எதுவரை என்று பார்த்துப் பழுப்புப் புள்ளிகளால் ஓரம் கட்டுங்கள். ஒரே வருடத்தை நம்பாமல் ஈரமான வருடம், காய்ந்த வருடம் இரண்டையும் பார்த்தால் இன்னும் நல்லது. வெள்ளையாகக் கிடந்த இடம் இப்போது படத்திலேயே அதிகம் பேசுகிற இடமாகிவிடும்.

ஒரு விஷயம், படுகையைச் சுற்றி மூடிக்கொள்கிற மிகத் தாழ்ந்த கோட்டுக்கு உட்பக்கமாகக் குட்டிக் குட்டி வெட்டுக்கோடுகள் போட வேண்டும். இல்லையென்றால் வாசிக்கிறவர் அதை மேடு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஓடைகள், அதாவது பெரிய பொறி

நீரோட்டம் வரைய எந்த இணையப் பாடத்தைத் திறந்தாலும் முதல் படி ஃபில் சிங்க்ஸ் என்று இருக்கும். தரவில் உள்ள பொய்க் குழிகளை நிரப்பி, தண்ணீர் எங்கேயும் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. காவிரிப் படுகைக்கு இது சரி. கிரேட் பேசினுக்கு இது விஷம். இங்கே படுகையே ஒரு உண்மையான குழி. மென்பொருளுக்கு அது தெரியாது, படுகை முழுவதையும் விளிம்பு வழிகிற மட்டம் வரை நிரப்பிவிட்டு, அந்தப் பொய்த் தளத்தின் மேல் நேர்நேராக ஓடைகளை இழுத்துவிடும். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நீலக் கோடுகள் பிளாயாவைக் கடந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. க்யூஜிஐஎஸ்ஸோடு வரும் கிராஸ் கருவிகளில் ஆர்.வாட்டர்ஷெட் என்று ஒன்று உண்டு. அதற்கு நிரப்புதல் தேவையில்லை, அதோடு உண்மையான பள்ளங்கள் எவை என்று ஒரு லேயரைக் கொடுக்கும் வசதியும் உண்டு. ஏற்கெனவே வரைந்த பிளாயா எல்லையை ராஸ்டராக (கட்டம் கட்டமான கோப்பாக) மாற்றி அங்கே கொடுங்கள். ஓடைகள் வந்து பிளாயாவில் முடிந்துவிடும்.

மலைக்குள் இந்த ஓடைகளை நம்பலாம். விசிறிக்கு வந்ததும் நம்பாதீர்கள். இந்தக் கணக்குகளுக்கு ஓடைகளைச் சேர்க்கத்தான் தெரியும், ஆனால் விசிறியில் ஓடை மேலே ஒன்றாக வந்து கீழே பலவாகப் பிரிகிறது, பாதி வழியிலேயே சரளைக்குள் வற்றியும் போகிறது. விசிறியின் தலை வரை கணினி போட்டதை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையால் வரையுங்கள். நீலக்கோடு நடுவிசிறியில் சும்மா நின்றுபோனால் நிற்கட்டும், தண்ணீரும் அங்கேதான் நிற்கிறது.

(நிரப்புகிற கருவியை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். வேடிக்கைக்காக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது காட்டும் நிரம்பிய ஏரி, அந்தப் படுகை தளும்பி வழிந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கான கணக்கு. ஈரமான பழைய காலத்தில் ஆல்வோர்ட் படுகையில் நிஜமாகவே பெரிய ஏரி ஒன்று நின்றிருக்கிறது.)

நிழலும் நிறமும்

ஹில்ஷேடுக்கு மென்பொருள் சில இடங்களில் 315, சில இடங்களில் 300 டிகிரி என்று ஒளித்திசை வைத்திருக்கும், வடமேற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீன்ஸ் ஏறத்தாழ வடக்கு தெற்காக நீள்வதால் வடமேற்கு வெளிச்சம் அருமையாகப் பொருந்துகிறது, கிழக்குச் செங்குத்து முழுக்க நிழலில் விழுந்து தூக்கி நிற்கும். நிழலை ரொம்பக் கறுப்பாக வைக்காதீர்கள், ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் கோடுகள் மேலே தெரிகிற மாதிரி வையுங்கள்.

நிறத்தில் ஒரு தயவு: தாழ்வுக்குப் பச்சை, உயரத்துக்குப் பழுப்பு என்ற பள்ளிக்கூட அட்லஸ் வரிசையை இங்கே போடாதீர்கள். இங்கே தாழ்ந்த இடம்தான் அதிகம் காய்ந்த இடம், மலை மழையைத் தடுத்துவிடுவதால் ஆல்வோர்டுக்கு மிச்சம் ஒன்றும் வருவதில்லை. படுகைக்கு வெளிர்மஞ்சள் அல்லது சாம்பல் வெள்ளை, மேலே போகப் போக இளம் பழுப்பு. பச்சை வேண்டுமென்றால் ஓடைக்கரைகளில் மட்டும்.

விடைத்தாளைத் திறப்பது

யூஎஸ்ஜிஎஸ்ஸின் டோப்போவியூ தளத்தில் இதே இடத்தின் 1:24,000 தாள்கள், பழையதும் புதியதும், இலவசமாகக் கிடைக்கின்றன. இடக்குறிப்போடு வரும் கோப்பை இறக்கினால் உங்கள் கோடுகளுக்கு அடியில் நேராகப் போய் உட்கார்ந்துவிடும். அவர்கள் கோடு அடிக்கணக்கில். 40 அடி இடைவெளித் தாள் என்றால் 12.192 மீட்டர் என்று கொடுத்து ஒரு சோதனைத் தொகுதி போட்டு ஒப்பிடுங்கள். ஓடை வரும் இடத்தில் கோட்டின் வளைவு மேல்நோக்கிக் குத்துகிறதா, கணவாய்கள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, பிளாயா ஓரத்தை அவர்கள் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் எதை வரையாமல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது லடாக்: சோ கார்

ஸ்டீன்ஸ் முடிந்ததும் சோ கார் படுகைக்கு வாருங்கள். சுமார் 4,530 மீட்டரில் உப்பு ஏரி, பக்கத்திலேயே ஸ்டார்ட்சபுக் என்ற நன்னீர் ஏரி, சுற்றிலும் பழைய ஏரி நின்ற கரைத்தடங்கள் படிப்படியாக. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2020-இல் சேர்ந்த இடம். வெளியேற வழியில்லாத படுகை என்பதால் ஆல்வோர்டில் கற்றதெல்லாம் அப்படியே பயன்படும், சிலது மட்டும் மாறும்.

இங்கே நாம் எடுக்கப்போவது 10 மீட்டர் தரவு அல்ல, 30 மீட்டர்தான். கோபர்நிகஸ் 30 மீட்டர் டெம்மை ஓப்பன்டோப்போகிராஃபி தளத்தில் எடுக்கலாம், 2005-இல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-1 தந்த கார்ட்டோடெம் இஸ்ரோவின் புவன் தளத்தில் இருக்கிறது. நான் கோபர்நிகஸை அடிப்படையாக வைத்துக்கொள்வேன். எஸ்ஆர்டிஎம்மில் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் ரேடார் எட்டாத ஓட்டைகள் உண்டு, அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றாலும் அடைத்தது அடைத்ததுதான். கோபர்நிகஸ் அளப்பது மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் மாடியையும் சேர்த்து என்று சொல்வார்கள், உண்மைதான், நம் பெங்களூருக்கு அதே தரவில் கோடு போட்டால் அடுக்குமாடிகளெல்லாம் குன்றுகளாக எழும்பும். சோ காரில் மரமும் இல்லை, மாடியும் இல்லை. தரை தரையாகவே கிடைக்கும். தரவு கொஞ்சம் கரடுமுரடு என்பதால் துணைக்கோட்டை 5-இலிருந்து 10 மீட்டராக்குங்கள், அதற்கு முன் படுகைப் பகுதியில் மட்டும் டெம்மை லேசாக மழுப்பிவிடுங்கள். கோட்டை மழுப்பக் கூடாது, ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்.

சோ கார் சரியாக 78 டிகிரி தீர்க்கரேகையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. யூடிஎம் 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் சந்திக்கிற இடம் அதுதான், தரவுக் கோப்புகளும் அங்கேதான் பிரிகின்றன. இரண்டு கோப்பையும் இறக்கி முதலில் ஒன்றாக்கிவிட்டு, அப்புறம் ஒரே மண்டலத்துக்கு மாற்றுங்கள். எந்த மண்டலம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கோட்டைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவதால் உங்கள் தாளில் ஒன்றும் ஆகிவிடாது. பெங்களூரும் 43-இல்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதி 43, பாதி 44 என்று கலந்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

லடாக்கின் மலைத்தொடர்கள் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கின்றன. 315 டிகிரி வெளிச்சம் தொடரின் போக்கிலேயே விழுந்து இருபுறமும் ஒரே சாம்பலாகிவிடும். வெளிச்சத்தை வடக்குப் பக்கம் 350, 0 என்று நகர்த்திப் பாருங்கள், அல்லது பல திசை ஹில்ஷேட் என்ற வசதியைப் போடுங்கள்.

அடுத்த முறை போகும்போது ஃபோனில் உயரம் பார்த்துப் படத்தோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கு: ஜிபிஎஸ் கொடுக்கும் மூல உயரம், பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து அளந்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. பெங்களூரில் இந்த வித்தியாசம் 80 மீட்டருக்கும் மேல். சில ஆப்கள் திருத்திக் காட்டும், சில காட்டாது. உங்கள் ஆப் எந்த ரகம் என்பதை இங்கேயே ரயில் நிலைய மஞ்சள் பலகையின் கீழே எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். சாட்டிலைட் ஃபோனோ, செயற்கைக்கோள் வழி மெசேஜ் அனுப்பும் கருவியோ அனுமதியில்லாமல் கொண்டுபோகாதீர்கள், சட்டச் சிக்கல் வரும்.

சட்டம் என்றதும் இன்னொன்று. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் செய்ய முன்னனுமதி தேவையில்லை. ஆனால் சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லையோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சோ கார் தாளுக்குள் எல்லையே வராதே என்று நினைப்பீர்கள். மூலையில் இடம் காட்டக் குட்டியாக ஒரு இந்திய வரைபடம் போடுவோமே, அங்கேதான் மாட்டிக்கொள்வோம். வெளிநாட்டுத் தளங்களில் இறக்கும் எல்லைக் கோப்பில் லடாக் பல துண்டாக இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா தளத்திலிருந்தே எல்லையை எடுங்கள்.

அச்சுக்கு

பிரிண்ட் லேஅவுட்டில் அளவு 50,000 என்று பூட்டிவிட்டு, 1 கிலோமீட்டர் கட்டக்கோடு, அளவுகோல், கோட்டு இடைவெளி, எந்த மண்டலம், எந்தத் தரவு, எந்தத் தேதிப் படத்தில் ஏரிக்கரை வரைந்தது என்பதையெல்லாம் அடியில் சிறிதாக எழுதுங்கள். ஊர்ப்பெயர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எடுத்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும், அது அவர்கள் நிபந்தனை. பிடிஎஃப் ஆக்கி, கட்டட பிளான் அச்சடிக்கும் பிளாட்டர் கடைக்குக் கொண்டுபோங்கள். ஃபிட் டு பேஜ் வேண்டாம், நூறு சதவீதத்தில் போடுங்கள் என்று கடைக்காரரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். தாள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முன் அளவுகோலின் மேல் ஸ்கேலை வையுங்கள், 1 கிலோமீட்டர் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.